மெட்டில்டா எழுதிய விதி

நாற்பத்திரண்டு வயதில் மெட்டில்டா மறுபடியும் மாணவியானாள். இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் முதுகலைப் படிப்பு. நெறிசார் தரவு அறிவியல் என்று பெயர். மனிதர்களைப் பற்றிய தகவல்களை வைத்துக் கம்ப்யூட்டர் முடிவெடுக்கும்போது யாருக்கும் அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் பாடம். குரோம்பேட்டையிலிருந்து கிண்டி வரை ரயிலில் நின்றபடியே பாடங்களைக் கேட்பாள். சனிக்கிழமை காலைகளில் அஸ்தினாபுரம் வீட்டில் கணவன் ஜேசன் சமையலைப் பார்த்துக்கொள்ள, அவள் கட்டுரை எழுதுவாள்.

கிண்டியில் அவள் வேலை பார்த்த கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கும் கடைகளுக்கும் ஆள் தேர்ந்து அனுப்பும் கம்பெனி. விண்ணப்பம் போடுகிற ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு சாஃப்ட்வேர் மதிப்பெண் போடும். அறுபதுக்குக் கீழே போனால் அந்த விண்ணப்பத்தை மனிதர் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த சாஃப்ட்வேரை எழுதியவர்களில் மெட்டில்டாவும் ஒருத்தி. அவள் படிப்பில் சேர்ந்ததும் மேனேஜர் சிவகுமார் அவள் போட்டோவைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு, 'எங்கள் மனசாட்சி' என்று தலைப்பும் கொடுத்தார். அவளுக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை டெஸ்ட்டுக்காகத் தெருமுனை லேபுக்குப் போனாள். அங்கே ரத்தம் எடுக்கும் பெண் கோகிலவாணி. இருபத்தாறு வயது, லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. ஊசி குத்தியது தெரியாத கை. பேச்சுவாக்கில் மெட்டில்டாவின் கம்பெனிப் பெயர் வந்தது.

"உங்க கம்பெனியாக்கா? ரெண்டு வருசமா ஆஸ்பத்திரி வேலைக்கு அதுல போட்டுக்கினே கீறேன். பதினோரு வாட்டி. ஒரு போன்கூட வர்ல."

மறுநாள் ஆபீசில் மெட்டில்டா அவள் பெயரைத் தேடினாள். மதிப்பெண் முப்பத்தொன்று. அதே டிப்ளமோ, அவளைவிடக் குறைந்த அனுபவம் உள்ள ஒரு பெண்ணுக்கு அறுபத்து நான்கு. எந்த இடத்தில் மார்க் குறைந்தது என்று ஒவ்வொரு விதியாகப் பிரித்துப் பார்த்தாள். கல்வி சரி. அனுபவம் சரி. 'முகவரி நிலைத்தன்மை' என்ற இடத்தில் முப்பத்தைந்து மார்க் ஒரேயடியாகப் போயிருந்தது.

அந்த விதியை ஆறு வருஷத்துக்கு முன் எழுதியது அவளேதான். கோகிலவாணி குடியிருந்த பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் பின்கோடிலிருந்து வந்தவர்களில் பலர் மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டுவிட்டார்கள் என்று டேட்டா சொன்னது. அவளும் எழுதிவிட்டாள். ஏன் விட்டார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அரசாங்கம் பிடுங்கிக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே வைத்த ஜனங்கள், இரண்டு பஸ் மாறி எத்தனை நாள் வேலைக்கு வருவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலே தெரிந்திருக்கும். பள்ளிக்கரணை சிக்னலில் அந்தப் பஸ்கள் பிதுங்கிக்கொண்டு நிற்பதை அவளே எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! முதல் கோபம் தன் மேல்தான்.

நேராகச் சிவகுமார் அறைக்குப் போய், அந்த விதி அநியாயம் என்றாள்.

"மேடம், சாஃப்ட்வேர்ல ஜாதி இருக்கா? மதம் இருக்கா?" என்றார் அவர். "இல்லல்ல? அப்புறம் என்ன அநியாயம்?"

"பின்கோடு இருக்கு சார்."

"அது வெறும் நம்பர்."

"அந்த நம்பர்ல யார் குடியிருக்காங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"கிளையன்ட் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல. வேலை செய்யுறதை எதுக்கு நோண்டணும்? நீங்க படிக்கிறது படிப்பு. இது ஆபீஸ்."

இதையே ஆய்வுத் திட்டமாக எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. கம்பெனியின் தகவல்களைப் பயன்படுத்தக் கம்பெனியின் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். வீடியோவில் வழிகாட்டிப் பேராசிரியையிடம் கத்தியேவிட்டாள். "அந்த முப்பத்தொண்ணு கம்பெனியோடதா? அதை வெச்சு அந்தப் பொண்ணோட ரெண்டு வருஷத்தை வீணாக்கும்போது அவகிட்ட யாரு அனுமதி கேட்டாங்க?" பேராசிரியை முகம் சிவந்து, விதி அப்படித்தான் என்றார். அநியாயம் செய்தவனிடம் கையெழுத்து வாங்கி வா என்று நெறி சொல்லிக்கொடுக்கிற இடமே சொல்கிறது! அன்று மதியம் ஜேசன் வைத்த சாம்பாரை அவள் தொடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை லேப் மூடும் நேரத்தில் போய்க் கோகிலவாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "அந்த விதியை எழுதினது நான்தான்" என்றாள்.

கோகிலவாணி கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தாள். "ரெண்டு வருசம். என் மூஞ்சி சரியில்லையோ, இங்கிலீஷ் சரியில்லையோன்னு கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பேசிப் பார்த்தேன். நீ இன்னாடான்னா ஏசி ரூம்ல குந்திக்கினு ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்க."

மெட்டில்டா பையிலிருந்து பல்கலைக்கழகப் படிவத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இப்ப இன்னா வேணும் உனக்கு?"

"இதை வெளியில நிரூபிக்கணும். ஆனா கம்பெனி டேட்டாவைத் தொட முடியாது."

"என்னோடத நானே குடுத்தா? எங்க பிளாக்குல இன்னும் எத்தினி பேரு இப்டி கீறாங்க தெரியுமா? உனக்காக இல்ல. எங்களுக்காக."

அவளே ஹவுசிங் போர்டில் மாடி மாடியாக ஏறி இறங்கி நாற்பத்தாறு பேரைச் சேர்த்தாள். ஒவ்வொருவரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். பல்கலைக்கழகமும் ஒத்துக்கொண்டது. கம்பெனியின் வெப்சைட்டில் ஒவ்வொருவரும் ஒரே விண்ணப்பத்தை இரண்டு முறை போட்டார்கள். முதலில் சொந்த முகவரி. பிறகு சேலையூரிலோ பல்லாவரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டு முகவரி. வேறெதையும் மாற்றவில்லை. சொந்த முகவரியில் தேர்வுப் பட்டியலுக்கு வந்தவர்கள் ஐந்து பேர். சொந்தக்காரர் முகவரியில் முப்பத்தொன்பது பேர்.

எண்களைப் பார்த்த கோகிலவாணி, "நாங்க அதே ஆளுங்கதானே" என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், 'இங்கே சோதிக்கப்படும் விதியை எழுதியவள் நான்' என்று மெட்டில்டா எழுதினாள். அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியைச் சிவகுமார் மேசையில் வைத்தாள். நாலு பக்கம் புரட்டியதுமே அவர் குரல் மாறிவிட்டது.

"படிக்க லீவு குடுத்தது நாங்க. நீங்க நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"அந்த விதியை எழுதின ஆள் சார். ஒண்ணு செய்யுங்க. அந்த விதியால தள்ளப்பட்ட எல்லாருக்கும், தப்பு எங்க மேலன்னு ஒரு லெட்டர் அனுப்புங்க."

"ஆயிரக்கணக்கான பேருக்கா? பைத்தியமா உங்களுக்கு?"

இரண்டு வாரத்தில் பின்கோடை எடுத்துவிட்டதாக மெயில் வந்தது. அதற்குப் பதில் புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார்கள்: 'வேலை இடத்துக்குப் பயண நேரம்.' இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு அதிலும் மார்க் போகும். வெப்சைட்டிலோ நியாயமான ஆள்தேர்வு என்று பெரிய எழுத்தில் விளம்பரம், பக்கத்தில் அவளுடைய அதே பழைய போட்டோ. மெட்டில்டா அன்றைக்கே ராஜினாமா எழுதினாள். அதில் நன்றி என்ற வார்த்தை இல்லை. போட்டோவை எடுக்கச் சொல்லி மூன்று மெயில் போட்ட பிறகுதான் எடுத்தார்கள்.

பட்டம் வந்தது. கோகிலவாணி எந்த வெப்சைட்டையும் நம்பாமல் மேடவாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நேரில் போய், ஒரு மணிநேரம் காத்திருந்து பயோடேட்டாவைக் கையில் கொடுத்து வேலை வாங்கினாள். மெட்டில்டா இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை மதியங்களில் இருவரும் பெரும்பாக்கத்தில் உட்கார்ந்து, என்னை ஏன் தள்ளினீர்கள் என்று ஒவ்வொருவர் பெயரிலும் கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கோகிலவாணி அவளை இன்னும் பழையபடி அக்கா என்று கூப்பிடுவதில்லை. மெட்டில்டா அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

போன வாரம் ஒரு பதில் வந்தது. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எதிர்கால வாய்ப்புகளுக்கு வாழ்த்துகள்.' மெட்டில்டா லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

கோகிலவாணி அதைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். "அடுத்தது தசரதன் அண்ணாவோடது. எழுது."