முகாமுக்கு நடுவே ஒரு முகூர்த்தம்

போன புதன்கிழமை என் மகளைத் தொலைத்தேன். அதுவும் நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில்!

ஸ்கூல் மூடிய மறுநாளே என் மனைவி வசந்தா கேட்டாள்: "ரெண்டு மாசம் இவளை என்னங்க பண்றது?" எங்கள் தெருவுக்கு டி.வி. இன்னும் வரவில்லை. எட்டு வயது மாலதியை எட்டு வயதுப் பிள்ளையாகவே விட்டுவைத்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?

இந்த வருஷம் திருவண்ணாமலைக்கும் சம்மர் கேம்ப் வந்துவிட்டது. மெட்ராஸில் பரவிய நோய் இங்கே வராமல் இருக்குமா? ஊரில் மொத்தம் மூன்று. ஒன்றில் இங்கிலீஷ் கிராமர் மட்டும். இன்னொன்றில் ஸ்லோகம் மட்டும். மூன்றாவதில் — ஓவியம், கராத்தே, வாய்ப்பாட்டு, யோகா, பொம்மை செய்தல், மேடைப் பேச்சு... எல்லாம் ஒரே மாதத்தில், ஒரே குழந்தைக்கு! விடுவோமா?

அடுத்த வீட்டு ரஹீம் பாய்க்கும் இதுதான் பிடித்தது. "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கத்துக்கட்டும் சார், எதுனா ஒண்ணு ஒட்டிக்கும்" என்று தன் மகள் நசீமாவையும் சேர்த்துவிட்டார்.

கேம்ப் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். நடத்தியவர் தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொண்டார். கராத்தே மாஸ்டர் வராத நாளில் பாட்டு டீச்சர் கராத்தே நடத்தினார். பாட்டு டீச்சர் வராத நாளில்... நல்லவேளை, மாஸ்டர் பாடவில்லை.

புதன்கிழமை முகூர்த்த நாள். கல்யாண மண்டபத்தில் கல்யாணமும் நடக்கும் என்று டைரக்டர் எதிர்பார்க்கவில்லை போலும். வாசலில் வாழைமரத்தைப் பார்த்ததும் அங்கேயே ஒரு புதுப் பாடத்தைக் கண்டுபிடித்தார் — இயற்கை நடை! பிள்ளைகளை வரிசை கட்டிக் கிரிவலப் பாதையில் கிளப்பிவிட்டார். மே மாத வெயிலில். மதியம் தேரடிக்கு வந்து அழைத்துக்கொள்ளும்படி எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

மதியம் எல்லாப் பிள்ளைகளும் தேரடிக்கு வந்தார்கள். மாலதியும் நசீமாவும் இல்லை.

டைரக்டர் பதறவில்லை. பின்னால்தான் வந்தார்கள் என்றார். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் அது மட்டும் நினைவில்லை.

பாயின் ஸ்கூட்டரில் கிரிவலப் பாதையிலேயே அடி அண்ணாமலை வரை போனோம். சோடாக் கடை சோடாக் கடையாக விசாரித்தோம். வழியில் ஒரு குளம். பாய் வண்டியை நிறுத்தினார். இருவரும் இறங்கித் தண்ணீரையே பார்த்தபடி நின்றோம். கரையில் சின்னச் செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பார்த்தோம். கேலியும் கிண்டலும் எழுதும்போதுதான் வருகிறது...

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மண்டபம். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார் பாய்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது யார்? என் மகள். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நசீமா! கால் சுட்டதாம். பாதி வழியில் திரும்பி, தெரிந்த இடம் இதுதானே என்று வந்துவிட்டார்களாம். பெண் வீட்டார் இவர்களை மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் என்று நினைக்க, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைக்க, இரண்டு தரப்பு உபசாரத்தில் இரண்டு முறை பாயசம் ஆகியிருந்தது.

மாலதியைத் தூக்கிக்கொண்டேன். கனம்தான்... இறக்கிவிட மனசு வரவில்லை.

கல்யாணப் பெண்ணின் அப்பா ஓடி வந்தார். "நல்லா வளர்த்திருக்கீங்க சார். வர்றவங்களை ரெண்டும் என்னமா கவனிக்குதுங்க" என்றார். நாங்கள் யார் என்றே கேட்காமல், கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தார். பசி எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாலையில் டைரக்டர் வீட்டுக்கே வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று வசந்தா காபி கலந்தாள். அவரோ, விருந்தோம்பலையும் பாடத்தில் சேர்த்துவிட்டதாகப் பெருமையோடு அறிவித்தார். வசந்தா அந்தக் காபியை என்னிடம் நீட்டினாள்.

மாலதி இப்போது கேம்புக்குப் போவதில்லை. ஒரு வாரமாக எதுவுமே கற்றுக்கொள்ளவில்லை. ஆரோக்கியமாக இருக்கிறாள்.