மரியசூசையின் வலது கால்

நேற்று காலை எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. இயேசு தன் பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் சடங்கில் பாதம் கழுவப்படுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேரின் பட்டியல். ஏழாவது பெயர் என்னுடையது. நான் சிறுமியாக இருந்த காலத்தில் அது ஆண்களுக்கு மட்டுமே கிடைத்த இடம். இப்போது பெண்களையும் உட்கார வைக்கிறார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள்தான். ஆனால் பட்டியலுக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'பங்கேற்பவர்கள் நகம் வெட்டி, பாதங்களை வீட்டிலேயே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வரவும். காலில் புண், வெடிப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் மாற்று ஏற்பாடு செய்யப்படும்.'

மாற்று ஏற்பாடாம்! சமையலறையில் நின்றபடி கைபேசியைப் பார்த்து நான் கத்திய கத்தலில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. ரத்த அழுத்த மாத்திரை தின்கிற வயதில் இதெல்லாம் தேவையா என்பதுபோல் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 'என் பெயரை எடுத்துவிடவும்' என்று பதில் போட்டேன். நான்கு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

காலில் புண் என்று படித்த மாத்திரத்தில் எனக்கு மூக்கில் ஏறியது டிஞ்சர் வாசனை. என் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் டிரெஸ்ஸராக இருந்தார். எஸ்டேட் மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற உத்தியோகம். விடிந்ததும் மருந்தக வாசலில் வரிசை நிற்கும். அட்டை கடித்துச் சீழ் வைத்த கால், பனியில் பிளந்த குதிகால், தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பட்ட கால் என்று எல்லாம் கால்கள்தான். அப்பா குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வெந்நீர்ப் பேசினை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக் கழுவுவார். முகம் சுளித்து நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் போகுமுன் துவைத்துக் காய்ந்த கட்டுத்துணிகளைச் சுருட்டிக் கொடுப்பது என் வேலை. அந்த வேலைக்காக எனக்குச் சொர்க்கத்தில் முன்வரிசையில் இடம் இருக்கிறது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மாவின் சட்டம். சாயங்காலம் செபமாலை முடிந்து, சோற்றில் கை வைக்குமுன், ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னைக்கு யாருக்காச்சும் அநியாயம் பண்ணுனயா?"

அப்பாவுக்கும் விலக்கு இல்லை, "பண்ணுனீங்களா" என்று மரியாதையாகக் கேட்பாள், அவ்வளவுதான். ஆமென்றால் மறுநாள் அந்த ஆளின் முகத்துக்கு நேராகப் போய், நான் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு வரவேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றெல்லாம் நழுவ முடியாது. "அடிபட்டவனுக்கு சாமியாரா மருந்து போடுவாரு?" என்பாள். மிட்டாய் கொடுத்துச் சமாளிப்பதும் கூடாது. ஒருமுறை நான் மிட்டாயோடு போனது தெரிந்து, மிட்டாய் இல்லாமல் திரும்ப அனுப்பினாள். வெட்கத்தில் அழுதுகொண்டே போனேன். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

மரியசூசை அந்த மருந்தக வரிசையில் தினமும் நின்றவர். சிலோனிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். தொழிலாளர் வீடுகளை நாங்கள் லைன் என்போம், அவரும் அவர் மனைவி பிலோமி அக்காவும் லயம் என்பார்கள். கவ்வாத்துக் கத்தி தவறி வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது. புண் ஆறுவதும் கிளம்புவதுமாக ஒரு மழைக்காலம் முழுக்க அப்பாவின் முழங்கால் மேல் இருந்த கால் அது. அந்த ஆண்டு தவக்காலத்தில் ஒருநாள், கட்டுப் போட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் கேட்டார்.

"ஐயா, பெரிய வியாழக்கெழம சாமி கால் கழுவுறாருல்ல, அதுல எங்க லயத்துலேருந்து ஒரு ஆளுகூட ஒக்கார்றதில்லியே, ஏனுங்க ஐயா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் எஸ்டேட் சிற்றாலயத்தில் முன்பக்கம் பெஞ்சு. அதில் ஆபீஸ், ஃபேக்டரி உத்தியோகஸ்தர் குடும்பங்கள். பின்னால் பாயில் தொழிலாளர்கள். பன்னிரண்டு பேரும் வருடாவருடம் பெஞ்சிலிருந்தே எழுந்து போவார்கள், அப்பா உட்பட. அப்பாவுக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது போலிருக்கிறது. "இந்த வருசம் எனக்குப் பதிலா என்ற எடத்துல நீ உக்காரு" என்றார். அன்று மாலை அம்மா கேள்வி கேட்கும் முன்பே இதைச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆலய வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் எஸ்டேட் ஆபீஸின் ஹெட் கிளார்க். அப்பா போய்ச் சொன்னதற்கு "பாத்துக்கலாமுங்க டிரெஸ்ஸர்" என்றாராம். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பெரிய வியாழனன்று பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். கடைசியில் மரியசூசை. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. அப்பாவே மத்தியானம் போட்டுவிட்ட புதுக் கட்டு புண்ணை மட்டும் மூடியிருந்தது. ஹெட் கிளார்க் நடந்து வந்தார். குனிந்தார். நான் முதல் பெஞ்சில் இருந்ததால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"ஏப்பா, கழுவிப்போட்டு சாமி அந்தக் காலை முத்தி பண்ணோணுமல்ல. எந்திரி."

"ஐயா, மூணு தடவ வெந்நீர்ல கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்."

"எந்திரிங்கறேன்."

முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மரியசூசை நொண்டி நொண்டி அத்தனை பேர் பார்க்கக் கதவுவரை நடந்து போனார். சாமியார் பூசைப் புத்தகத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அத்தனை அவசரமாக என்ன தேடினாரோ! ஹெட் கிளார்க் அப்பாவைப் பார்த்துக் காலி நாற்காலியைக் காட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா வேண்டாமென்று தலையசைத்தது எனக்கே தெரிந்தது, அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அப்பா போய் உட்கார்ந்தார். காலுறையைக் கழற்றினார். சாமியார் தண்ணீர் ஊற்றி, துடைத்து, பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா கேட்டாள். அப்பா தலைவலி என்றார். அம்மா மறுபடி கேட்டாள்.

"என்ன பண்ணச் சொல்றே? பதினோரு பேர வெச்சு சாமி எப்படி நடத்துவாரு?"

"ஏனுங்க, நடத்தாமப் போகட்டுமே. நாளைக்குப் போய் அவருகிட்டச் சொல்லிருங்க."

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவையை முத்தி செய்ய வரிசை. முதலில் போனவர் ஹெட் கிளார்க். மண்டியிட்டு, மரத்தில் செதுக்கிச் சிவப்புப் பூசியிருந்த இயேசுவின் பாதக் காயத்தின் மேல் உதட்டை வைத்து, கண்ணை மூடி, நிதானமாக முத்தி செய்தார். நான் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வயதில் ஒரு மனிதரின் பிடரியைப் பார்த்து வந்த வெறுப்பு இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் செபித்ததும் இல்லை. அன்று மரியசூசை வரவில்லை. அப்பாவும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சனிக்கிழமையும் போகவில்லை. நாள் முழுக்கப் பிறர் கால் கழுவுகிற மனிதருக்கு, ஒரு வாக்கியம் சொல்ல ஒரு மேடு ஏறி இறங்க முடியவில்லை. ஹெட் கிளார்க்மேல் இருந்ததைவிட அப்பாமேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

ஈஸ்டர் அன்று கறிச்சோறு. அப்பா டிபன் கேரியரை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினார்.

"மரியசூசை வூட்டுக்கு நெறைச்சுக் குடு. புள்ளை கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டும்."

"சோறு மன்னிப்பு ஆகுமாங்க?"

"நான் சாயங்காலம் போறேன். இது முன்னாடி போகட்டும்."

கேரியரைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் காட்டு வழியாகப் போனேன். வாசலில் பிலோமி அக்கா. உள்ளே மரியசூசை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கேரியரை வாங்காமல் அக்கா கேட்டார்.

"ஐயா ஏதும் சொல்லிவிட்டாரா புள்ள?"

"இல்லீங்க."

கேரியரை மெதுவாக என் பக்கமே தள்ளினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"எங்க வூட்லயும் ஆக்கியாச்சுன்னு சொல்லு. கொண்டு போ தங்கம், ஆறிடப் போவுது."

திரும்பி நடந்தேன். தவக்காலத்தின் நாற்பது நாளும் கறி வாசனையே இல்லாத வீட்டுப் பிள்ளை நான். பாதி வழியில் பாறை மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். ஒரு துண்டுதான் என்று ஆரம்பித்தேன். நல்ல கறி. முடிந்த மட்டும் தின்றேன், மிச்சத்தை நாய்க்குப் போட்டேன், ஓடைத் தண்ணீரில் கேரியரைக் கழுவினேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கிக்கிட்டாங்களா கண்ணு?"

"வாங்கிக்கிட்டாங்கப்பா. ரொம்ப சந்தோசப்பட்டாங்க."

அப்பாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "நாந்தான் சொன்னனல்ல" என்று உள்ளே திரும்பி அம்மாவிடம் சொன்னார். சாயங்காலம் அவர் மேடு ஏறவில்லை. செபமாலை முடிந்து அம்மா என்னிடம் கேட்டபோது, யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தேன்.

அதன்பின் மரியசூசை மருந்தகத்துக்கு வரவில்லை. புண் ஆறிவிட்டது என்று அப்பா நினைத்தார். ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார் என்பது லைன் பிள்ளைகள் சொல்லி எனக்குத் தெரியும். மழைக்கு முன் குடும்பத்தோடு வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். கூடலூர் என்றார்கள் சிலர், திருப்பூர் என்றார்கள் சிலர்.

அம்மா முதலில் போனாள். அப்பா கடைசி மாதங்களை என் வீட்டில் கழித்தார். ஒருநாள் நான் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தானாகவே பேசினார்.

"உங்கம்மா அங்க போனதும் அதே கேள்வியத்தான் கேப்பா. தைரியமா பதில் சொல்வேன். மரியசூசை ஒருத்தன்தான் மனசுல உறுத்திட்டே இருந்தான். அவனும் நம்ம வூட்டுச் சோத்த வாங்கித் தின்னுட்டான் பாரு."

"ஆமாங்கப்பா" என்றேன்.

நான் பிறகு முப்பது வருடம் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுத்தவள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியாயத்தைப் பற்றி நன்றாகப் பேசுவேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும்.

அப்பாவை அடக்கம் செய்த மறுமாதம் பஸ் ஏறி அந்த எஸ்டேட்டுக்குப் போனேன். யாரிடமாவது விலாசம் கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. மருந்தகம் இல்லை. சிற்றாலயம் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. லைன் வீடுகளை இடித்துவிட்டு, சுற்றுலாக்காரர்களுக்குக் கண்ணாடி வைத்த சிறு சிறு குடில்கள் கட்டியிருக்கிறார்கள். கேட்டில் சீருடை போட்ட ஒரு பையன், அசாம்காரனோ ஒடிசாக்காரனோ, திக்கித் திக்கித் தமிழில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

"மரியசூசைன்னு ஒருத்தர்."

அவன் நோட்டைப் புரட்டி விரலால் தேடினான்.

"எந்த ரூம்ங்க?" என்றான்.