நான் திருத்திய தோட்டம்

எண்பதுகளின் தொடக்கத்தில் துபாய் அல் கூஸில், தோட்டம் அமைக்கும் கம்பனி ஒன்றில் நான் டிராஃப்ட்ஸ்மன். யாழ்ப்பாணத்திலிருந்து போனவன். பிறர் வரைந்த படத்தில் பிழையைக் கண்டால் என் கை சும்மா இராது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் காலை எங்கள் எகிப்திய என்ஜினியர் உள்ளங்கை அகலச் சுண்ணாம்புக்கல் ஒன்றை என் மேசையில் வைத்தார். அதில் கறுப்பு மையில் ஒரு தோட்டம்: நடுவில் நீள்சதுரக் குளம், நாலு கரையிலும் மரங்கள்.

"எங்கள் பழைய காலத்துத் தோட்டம். இதைப் பார்த்து ஒரு வில்லாவுக்கு பிளான் போடு, யல்லா, சீக்கிரம்" என்றார். கல்லில் வரைந்தது அவர்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. குளம் மேலிருந்து பார்த்தபடி. மரங்களோ இரண்டு கரைகளில் படுத்துக் கிடந்தன, ஒரு கரையில் தலைகீழாக நின்றன. முதலாம் வருஷ மாணவன்கூட இப்படி வரையமாட்டான். பிளானை முடித்த பிறகும் மனம் கேட்கவில்லை. டிரேசிங் தாளில் மை சுரண்டும் பிளேடால் கல்லிலிருந்த மரங்களைச் சுரண்டிவிட்டு, பிளானில் மரத்தை மேலிருந்து காட்டும் முறைப்படி வட்டங்கள் போட்டேன்.

பிரிண்ட் எடுக்கும் கீழக்கரைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, கல்லையும் விட்டு வைக்கலியா?"

"பிழையெண்டா பிழைதானே?" என்றேன்.

மத்தியானம் என்ஜினியர் வந்ததும் கல்லைப் பெருமையாக நீட்டினேன். அவர் ஒரு வட்டத்தைத் தொட்டார். விரலில் மை ஒட்டியது. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். அது மூவாயிரம் வருஷத்துக் கல்லாம். அகழ்வு வேலைக்குப் போன அவருடைய தகப்பனார் வீட்டுக்குக் கொண்டுவந்தது. எகிப்தை விட்டு வெளியே வரக்கூடாத பொருள் என்பதால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"குளத்தருகே நின்று ஒவ்வொரு கரையாகத் திரும்பிப் பார். எந்தப் பக்கமும் மரம் நிமிர்ந்துதான் நிற்கும். அந்தக் காலத்து ஓவியன் அதைத்தான் வரைந்தான்" என்றார்.

வெளியே கேட்கும் என்பதால் அவரால் என்னைத் திட்டவும் முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் ஒரு தாளை எடுத்து, ஞாபகத்திலிருந்து மூன்று கரைகளின் மரங்களை வரைந்தார். நாலாவது கரையில் தயங்கி, பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"இங்கே நின்றவை பேரீச்சையா, அத்தியா? காலையில்தானே பார்த்தாய்?"

காலை முழுக்க அந்தக் கல் என் கையில்தான் இருந்தது. அவை தலைகீழாக நின்றன என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.