எட்டு ஹாலுக்குள் ஓடும் ஒரே சாக்கடை: புக்கிட் பெலிம்பிங் லயம்

போன சனிக்கிழமை கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கலாம் என்றுதான் ராவாங்கிலிருந்து கிளம்பினேன். மின்மினி காட்டும் படகு இருட்டிய பிறகுதான் கிளம்பும். பகலில் என்ன செய்வது? கூட வேலை செய்யும் நண்பர், "புக்கிட் பெலிம்பிங்ல எங்கக்கா வூட்டப் போய்ப் பாருங்க லா, உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். வீட்டு வரைபடம் வரைவது என் பிழைப்பு. ஒட்டுப்போட்டு இழுத்துக் கட்டிய வீட்டைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

காரில் ஒரு மணி நேரம். டோலும் பெட்ரோலும் இருபது வெள்ளிக்குள் அடங்கிவிடும். செம்பனைக் காட்டை ஒட்டிய சந்தில் திரும்பினால் ஒரே தகரக் கூரையின் கீழ் எட்டு வீடுகள், தோட்டத் தொழிலாளருக்கு அந்தக் காலத்தில் கட்டிய லயம். தோட்டம் கைமாறியபோது குடியிருந்தவர்களுக்கே வீடு கிடைத்ததாம். அதன்பின் ஆளாளுக்கு முன்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கார் கொட்டகை, இன்னொன்றில் மாளிகைக்குப் போடுகிற தடிமனான தூண்கள். உள்சுவர்கள் மட்டும் பழையவை. அவை கூரையைத் தொடாமல் நிற்பதால் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

நண்பரின் அக்கா சரசு ஐந்தாம் வீட்டில் இருக்கிறார். ரவிக்கை தைப்பவர். தீபாவளி நெருங்கிவிட்டதால் தரை முழுக்கத் துணி. ஹாலின் நடுவே இரும்பு வளையம் பதித்த ஒரு சிமெண்டுப் பலகை கிடந்தது.

"அது லோங்காங் தம்பி," என்றார் சர்வ சாதாரணமாக.

முன்பு எட்டு வீட்டு வாசலுக்கும் பொதுவாக அஞ்சடி என்ற நடைபாதையும், அதையொட்டி லோங்காங் என்கிற சாக்கடையும் ஓடியிருக்கின்றன. வீட்டை இழுத்தபோது இரண்டும் ஹாலுக்குள் வந்துவிட்டன. சாக்கடைக்கு மேல் பலகை போட்டு மூடிவிட்டார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எட்டு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் பலகையைத் தூக்கிக் கழுவிவிடுவது வழக்கம். ஒரு வீடு திறக்காவிட்டால் மற்றவர்கள் கழுவியும் பயனில்லை. இப்படியொரு வரைபடத்தை நான் நீட்டினால் என் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார்.

இந்த வருடம் சிக்கல் ஆறாம் வீட்டில். லோரி ஓட்டி ஓய்வுபெற்ற மணியம் அண்ணன், மகள் கல்யாணத்துக்காக ஹால் முழுக்கப் பளபளவென்று தரைக்கல் பதித்துவிட்டார். பலகை இருந்த இடமே தெரியவில்லையாம்.

"அடைச்சிக்கிட்டா தண்ணி எப்படிணே போவும்னு சத்தம் போட்டேன். ஏவுறதுக்கு நீ என்ன மண்டோரான்னுட்டாரு. அதோட பேச்சு வார்த்த இல்ல," என்றார் அக்கா. மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலை ஏவும் கங்காணி.

நான் சுவரை அளந்துகொண்டிருக்கும்போதே மழை கொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பலகையின் ஓரத்தில் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. அது ஆறாம் வீட்டு வழியாகத்தான் வெளியேற வேண்டும். தரையில் கிடந்ததெல்லாம் ஊரார் நம்பிக் கொடுத்த பட்டு. அக்காவும் நானும் அள்ளி அள்ளிக் கட்டிலில் போட்டோம். இடம் போதவில்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்க தம்பி. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க."

நனைந்துகொண்டு ஓடினேன். மணியம் அண்ணன் வாசலிலேயே நின்றார். கல்யாணத் தரையை உடையுங்கள் என்று முன்பின் தெரியாதவன் எப்படிச் சொல்வது? எனக்குக் கூச்சமாக இருந்தது.

"கேட்டேன்னு சொல்லாதீங்கன்னு சரசு சொன்னது எனக்கும் கேட்டுச்சு," என்றார்.

உள்ளே போய் ஹாலில் விரித்திருந்த பாயைச் சுருட்டினார். ஸ்க்ரூடிரைவரைச் செருகி ஒரு பெரிய தரைக்கல்லை நெம்பினார். கல் கீறலில்லாமல் கையோடு வந்தது. அடியில் சிமெண்டே இல்லை, வெறும் மணல். அதைத் தள்ளினால் அதே இரும்பு வளையம்.

"லோங்காங் மேல கல்ல ஒட்டுவனா? இந்த லயத்துல பொறந்தவன் நான்."

"அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அது கேட்டுச்சா? ஏசுச்சு."

இருவரும் பலகையைத் தூக்கினோம். அடைத்திருந்த அரிசிப் பையை அவர் இழுத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. சுவருக்கு மேலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அண்ணே, எறங்கிருச்சு!"

அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். "துணி நனைஞ்சிச்சாம்மா?"

"இல்லண்ணே."



மழையால் அன்று படகு போகவில்லை. மின்மினி பார்க்கப் போகிறவர்கள் மாலையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். லயத்துக்குப் போனால் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பலகை தூக்கும் ஞாயிறு எட்டு வீடும் திறந்திருக்கும். நானும் போகிறேன். ஆறாம் வீட்டுப் பலகையை மணியம் அண்ணன் ஒண்டியாகத் தூக்க முடியாது என்று சரசு அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார்.