நல்ல தண்ணி

அந்தப் பாட்டில் கறுக்கவே இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த பிறகும் வெளிறிய தேன் நிறத்திலேயே இருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டும் மை ஊற்றியதுபோல் ஆகிவிட்டிருந்தன. ஆய்வகத்தில் என்னைச் சுற்றி நின்ற மாணவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, இது எங்க சித்தி வீட்டுத் தண்ணி" என்றேன். வாயெல்லாம் பல்லாக நின்றிருப்பேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் தேயிலை எஸ்டேட்டின் ஓடை மலை உச்சியில் எங்கோ தொடங்கி, மேல் லயம், நடு லயம், கீழ் லயம் என்று மூன்று வரிசை வீடுகளை ஒட்டி இறங்குகிறது. அந்தந்த லயத்துக்காரர்கள் அந்தந்த இடத்தில் ரப்பர் ஓஸ் போட்டு எடுத்துக் குடிக்கிறார்கள். துவைப்பதும் கழுவுவதும் கக்கூஸ் குழி கசிவதும் அதே ஓடையில்தான். அந்த வருடம் பஞ்சாயத்தில் ஏதாவது ஒரு லயத்துக்குக் குழாய் போடப் போவதாகப் பேச்சு வந்தது. எந்தத் தண்ணீர் மோசம் என்று பள்ளி பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். மலக்கழிவு கலந்த தண்ணீரை ஊற்றினால் கறுத்துவிடும் மருந்துப் பாட்டில்கள் எங்களுக்குக் கொஞ்சம் கிடைத்திருந்தன. ஓடையில் நேராக எடுக்கலாம் என்றார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். சனங்கள் ஓடையையா குடிக்கிறார்கள், குடத்தைக் குடிக்கிறார்கள், வீட்டுக் குடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சட்டம் பேசியது நான். லயத்துக்கு ஒரு வீடு என்று முடிவானது. கீழ் லயத்தில் சித்தி வீடு இருக்கும்போது வேறு எங்கே போவது?

சித்தி என் அம்மாவின் தங்கை. கொழுந்து பறிக்கிறவள். அம்மா ஃபேக்டரி வேலைக்குப் போன காலத்தில் என்னைப் பாதி வளர்த்தவளும் அவள்தான். சண்டைக்காரி என்று லயத்தில் பெயர் வாங்கியிருந்தாலும் வீட்டு வாசலில் ஆள் நிழல் பட்டுவிட்டால் அவள் ஆளே மாறிவிடுவாள். படித்து வேலைக்குப் போய் வேறு ஊரில் குடியேறிய பிறகு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போவேன். முதல் நாளே போன் செய்துவிடுவேன். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று தவறாமல் சொல்வேன். போய் இறங்கியதும் ஒரு செம்பு தண்ணீர் தருவாள். பல் கூசும் குளிர்ச்சி, லேசான இனிப்பு. இந்த ருசி எங்கேயும் இல்லை என்று நானும் தவறாமல் சொல்வேன். கீழ் லயத்துத் தண்ணீரைப் பற்றி யாராவது குறை சொன்னால், நான் வருடக்கணக்காகக் குடிக்கிறேனே, எனக்கு என்ன ஆகிவிட்டது என்று மறுத்தும் பேசியிருக்கிறேன்.

வழக்கம்போல முதல் நாளே போன் செய்துவிட்டுப் பாட்டிலோடு போன அன்று நல்ல மழை. மாணவர்கள் குடையோடு வாசலில் நின்றார்கள். "சித்தி, நல்ல தண்ணி ஒரு பாட்டில் குடுங்க" என்று நீட்டினேன். குடிக்கிற தண்ணீரை அப்படிச் சொல்லித்தான் எங்கள் வீடுகளில் பழக்கம். அம்மாவின் பிறந்த ஊர் மதுரைப் பக்கம். அங்கே உப்புத் தண்ணீர் புழங்குவதற்கு, நல்ல தண்ணீர் குடிப்பதற்கு. மலையேறி வந்த பிறகும் அந்தச் சொல் மட்டும் எங்களோடு வந்துவிட்டது. சித்தி உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். பாட்டிலின் வெளிப்புறத்தை முந்தானையால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்டாள்.

மேல் லயமும் நடு லயமும் கறுத்தன. கீழ் லயம் கறுக்கவில்லை. மேலே அழுக்கான தண்ணீர் கீழே வரும்போது எப்படிச் சுத்தமாகும் என்று ஒரு கேள்வி எனக்கு எழத்தான் செய்தது. பாறையிலும் மணலிலும் விழுந்து தெளிந்திருக்கும் என்று அதற்கு ஒரு விளக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் கறுத்த நடு லயத்துக்குக் குழாய் போனது. கீழ் லயத்தில் சிலர் முணுமுணுத்தார்களாம். எங்கள் அக்கா மகள் பார்த்து எழுதினது, தப்பாக இருக்காது என்று சித்தி அவர்களோடு சண்டைக்கே போயிருக்கிறாள்.

அடுத்த மழைக்காலத்தில் கீழ் லயத்தில் மஞ்சள் காமாலை வந்தது. நாலைந்து வீடுகளில் படுத்தார்கள். சித்தியும் படுத்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன. எனக்குப் புரியவே இல்லை. உங்கள் தண்ணீரைத்தான் நானே சோதித்தேனே, சுத்தமாக இருந்ததே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சித்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அது ஊத்துத் தண்ணி பாப்பா. நீ நல்ல தண்ணின்னுதான கேட்ட? நாங்க குடிக்கத எப்படி நல்ல தண்ணின்னு ஒனக்குக் குடுக்கது?"

சுவரைப் பார்த்தபடியே, "அத்தன பிள்ளைக முன்னால" என்றாள்.

மேல் லயத்துக்கும் மேலே, தேயிலைக் காட்டைத் தாண்டி, பாறை இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. செங்குத்தான ஏற்றம், கால் வைத்த இடமெல்லாம் அட்டை. நான் போன் செய்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை விட்டு வந்து, அங்கே ஏறி ஒரு குடம் கொண்டுவந்து மூடி வைப்பாளாம். அதை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். தினமும் எல்லாருக்கும் அங்கிருந்து சுமப்பது நடக்கிற காரியமில்லை. இத்தனை வருடமாக நான் அந்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விருந்தாளிச் செம்பில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கூச்சம்தான் வந்தது, யாரோ தெருவில் வைத்து என் துணியைப் பிடித்து இழுத்ததுபோல. சித்திக்கும் கூச்சம்தான். அவளுக்கு, தான் எதைக் குடிக்கிறாள் என்பது வெளியே தெரிந்துவிட்டதே என்று. எனக்கு அது இவ்வளவு நாள் தெரியாமல் போனதே என்று.

மறு சோதனை செய்தேன். இந்த முறை அடுப்படிக் குடத்தில் நானே மொண்டேன். மறுநாள் காலையிலேயே கறுத்துவிட்டது. புது அறிக்கையோடு பஞ்சாயத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையெழுத்தை இங்கே மலையாளத்தில் ஒப்பு என்பார்கள். "ரெண்டிலும் டீச்சரோட ஒப்புதானே, இதுல எது சரி?" என்று மரியாதையாகவே கேட்டார். இந்த வருடப் பணம் முடிந்தது, அடுத்ததில் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்தது இன்னும் வரவில்லை. காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சித்தி கொஞ்ச நாள் செய்தாள். விடிவதற்குள் சோறாக்கிக் காட்டுக்கு ஓடுகிறவளுக்கு அதெல்லாம் எத்தனை நாள் நடக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். எனக்காக யாரும் மலை ஏறக் கூடாது என்று மனதில் ஒரு வீராப்பு. சித்தி பதறிப்போனாள். கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிவரக் கிளம்பினாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். நீங்கள் குடிப்பதையே கொடுங்கள், நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்றேன். வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் எழுந்துபோய் அடுப்படிக் குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டுவந்து கொடுத்தாள்.

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வாய்வரை கொண்டுபோனேன். உதட்டில் பட்டது. என்ன முயன்றும் உள்ளே இறக்க முடியவில்லை. தம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது.

"நீ எதுக்குப் பாப்பா" என்று சொல்லி என் கையிலிருந்து தம்ளரை வாங்கினாள். அண்ணாந்து, ஒரே மூச்சில், அதை முழுக்கக் குடித்தாள்.