முந்தி வைத்த பொங்கல்

காளியண்ணன் பொல்லாதவர் இல்லை, அவசரக்காரர். அந்த அவசரம் பெற்ற மகள் தலையிலேயே விடிந்தது. அடுத்த வீட்டுக்காரி நான், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் கம்பெனியுடையவை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். காளியண்ணனுக்கு இந்த ஆண்டோடு ஓய்வு. மனைவி காளியம்மாவுக்கு மூட்டுவலி. மிச்சம் பதினெட்டு வயது ரூபினிதான். அவளுக்கோ நர்ஸாக வேண்டும். நர்ஸை இங்கே மிஸி என்போம். பக்கத்து டவுன் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப் போனால், கேள்வி கேட்டே மிஸிகளை ஓய வைத்துவிடுவாள்.

ஈப்போ நகரில் ஒரு தாதியர் கல்லூரி அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. கூப்பிட்டதோடு சரி, இடம் உண்டா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. இந்த மனுஷன் காதில் அது ஏறினால்தானே! அந்த வெள்ளிக்கிழமையே தோட்டத்து மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து, எல்லாருக்கும் இலை போட்டார்.

"எம் மவ மிஸியாயிட்டா லா! இனிமே எங்க வீட்டுல யாரும் கொழுந்து வெட்ட மாட்டோம்."

பந்தியில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி குகனேஸ்வரனும் இருந்தார். வயிறாரச் சாப்பிட்டு வாயார வாழ்த்திவிட்டு, மறுநாளே வீடு காலியாகப் போகிறதென்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் அதைப் புதிதாக வரும் நேப்பாளத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் ரூபினிக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் முயற்சி செய்யச் சொன்னார்களாம். அதுவரை எங்கே குடியிருப்பது?

அவளே ஆபீஸுக்குப் போனாள். துணைக்கு நான்.

"ஐயா, எனக்கு வேலை குடுங்க. வீட்ட மட்டும் எடுத்துடாதீங்க."

"கொழுந்து வெட்டுற மெஷின் தூக்கணும்மா. முடியுமா?" என்றார் கிராணி.

"முடியும்யா."

"மேனேஜர்கிட்ட பேசிப் பாக்குறேன். ஆனா அடுத்த வருஷம் படிக்கப் போறேன்னு கெளம்புனா வீடு போயிடும். தெரியும்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, "போக மாட்டேன்யா" என்றாள்.

மேனேஜர் ஒத்துக்கொண்டார், வீடு தங்கியது. முதல் நாள் வேலைக்குக் காளியண்ணன் தன் ரப்பர் பூட்ஸைக் கழுவிக் காயவைத்து, இரண்டு ஜோடிக் காலுறையோடு மகள் முன்னால் வைத்தார்.

"கொஞ்சம் பெருசுதான். ரெண்டு ஸ்டோக்கின் போட்டுக்க, சரியாயிடும்."

ரூபினி போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் குனிந்து, பூட்ஸுக்குள் அவள் கால்விரல் நுனி எங்கே இருக்கிறதென்று அழுத்திப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரியாத்தாம்பா இருக்கு" என்றாள்.