கியூவில் தெரிந்த நல்ல கார்

கொழும்பு வெள்ளவத்தைத் தேநீர்க்கடை வாசலில் இரண்டு நண்பர்கள், உலகத்திலேயே நல்ல கார் எது என்று சண்டை பிடிக்கிறார்கள். ஒருவரிடம் பெரிய ஜீப். மற்றவரிடம் தீப்பெட்டி போல ஒரு குட்டிக் கார். சென்னையிலிருந்து வந்திருக்கும் நான் வேகம், மைலேஜ் என்று தீர்ப்புச் சொல்லப் போக, குட்டிக் கார்க்காரர் மறிக்கிறார்.

“அதெல்லாம் விடுங்கோ தம்பி. பெற்றோல் இல்லாத காலத்தில கியூவில காரைத் தள்ளிக்கொண்டு போனனாங்கள். அப்பதான் எது நல்ல கார், எது கூடாத கார் எண்டு விளங்கினது. என்ர காரை நான் தனியத் தள்ளினனான்.”

“என்ர ஜீப்பும் பெற்றோல் பம்படிக்குப் போய்ச் சேர்ந்ததுதானே?” என்கிறார் ஜீப்காரர்.

“ஓம், ஆர் தள்ளினது? அதுவும் நான்தானே!”

ஜீப்காரர் என் பக்கம் திரும்பி, சென்னையில் இப்போது மழையா என்று விசாரிக்கிறார்.